தேர் வளையாது

கூடையை இறக்குவதற்கு முன் பாஞ்சாலை தெருவை அளப்பாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலை இடிக்க நான்கு அடி வைப்பாள். நான்காவது அடியின் நுனியில் கரித்துண்டால் ஒரு கோடு. கூடை அதற்கு இந்தப் பக்கம்தான். தேரடி வீதியில் பெரிய தேரின் சக்கரம் எங்கே உருளும் என்பது அவளுக்கு அத்துப்படி. பதினைந்து வருடமாக அங்கே அவித்த வேர்க்கடலை விற்கிறாள். புருசன் இல்லை. இரண்டு பெண்களின் சாப்பாடும் அந்த நாலடியில்தான்.

எதிரே அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன் நான். பொட்டலத்தை வாங்கும்போதுகூட அவளிடம் பேசியதில்லை. ஜன்னல் வழியே பார்ப்பதோடு சரி.

எண்பத்திமூன்றில், கார்த்திகைத் தீபத்துக்குப் பத்து நாள் இருக்கையில், தேர்ப்பாதைக்குச் சுண்ணாம்புக் கோடு போட ஓர் ஓவர்சியர் வந்தார். கோட்டைத் தாண்டி இருப்பதெல்லாம் போக வேண்டும். நேராக வந்த கோடு, சக்கரபாணியின் துணிக்கடை வாசலில் புதிதாகக் கட்டிய மூன்று படிகளைச் சுற்றி வளைந்தது. பிறகு அளவுக்கு மீறிச் சுவர்ப் பக்கம் திரும்பி, பக்கத்திலிருந்த பாஞ்சாலையின் கூடையை வெளியே தள்ளியது. கூடையை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், படியைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்று சிரித்தார் சக்கரபாணி.

"கோடு வளையுது சார். தேரு வளையாது" என்றாள் பாஞ்சாலை.

"ஏம்மா, நீதான் தேர ஓட்டுறியா?" என்றார் ஓவர்சியர்.

அவள் பின்சந்துக்குப் போனாள். அங்கே ஆள் நடமாட்டம் கம்மி. கடலை பாதி மிஞ்சிப் புளித்தது. பெரிய பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

வடம் பிடிப்பவர்கள் தேரை இழுக்கத்தான் முடியும். அதைத் திருப்புவது சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை போடுகிறவர்கள். தேரோட்டத்தன்று தேர் துணிக்கடை அருகே வந்ததும் கட்டை போடும் காசி, படியில் நின்றவர்களைக் கத்தி விரட்டினார். பிறகு குனிந்து ஒரு கட்டையைச் சொருகினார். தேர் இரண்டு சாண் ஒதுங்கியது. படிகள் மூன்றும் நொறுங்கின. சாமி தேர் இடித்ததை யாரிடம் போய்க் கேட்பது? சக்கரபாணியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுவாரம் கோட்டை நேராக்கினார்கள். பாஞ்சாலை பழைய இடத்துக்கு வந்துவிட்டாள்.

சாமி செயல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நாலு வருடம் கழித்து, மகன் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் காசி எங்களிடம் வந்தார். அத்தை பெயரைப் போடுவதா கூடாதா என்று அவருக்கும் அவர் மனைவிக்கும் அச்சக வாசலிலேயே வாக்குவாதம். கடைசியில் காசி சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். பாஞ்சாலை, அவருடைய கூடப்பிறந்த தங்கை. ஒரு காணி நிலத்துக்காகச் சண்டை போட்டு, இருவரும் பேசிப் பன்னிரண்டு வருடமாகியிருந்தது.