போடாத மாத்திரை

வல்லரசுக்கு ஒன்பது வயது இருக்கும்போதே அவன் கல்யாணம் முடிவாகிவிட்டது.

அன்றைக்கு அக்கா ஆனந்தவல்லியின் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்? கான்சாபுரத்திலிருந்து இராஜபாளையத்துக்குப் புது வேட்டி கட்டி அழைத்து வந்திருந்தார்கள். வீறிட்டு அழுத குழந்தையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவனும் அழுகிற மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"நல்லாப் பிடிலே. நாளைக்கு நீ கட்டப் போறவ, இப்பவே ஓடிறப் போறா!" என்று யாரோ சொல்ல, பந்தலே சிரித்தது. குழந்தை அவன் புது வேட்டியை நனைத்ததும் இன்னும் சத்தமாகச் சிரித்தது.

அந்தக் குழந்தைதான் நாச்சியார். அன்று சொன்ன பேச்சை அதற்குப் பிறகு யாரும் மாற்றிச் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில் அதுதான் வழக்கம். வல்லரசின் அப்பா சீனிச்சாமி கட்டியிருப்பதும் தன் சொந்த அக்கா மகள் அங்காளம்மாளைத்தான். "அக்கா மக இருக்க அசல்ல எதுக்குப் பொண்ணு? வயக்காடும் வெளிய போகாது, வீட்டுப் பேச்சும் வெளிய போகாது" என்பார் அவர்.

வல்லரசு வளர்ந்து போலீஸ் வேலைக்குத் தேர்வானான். ஆயுதப்படை. பரேடில் முன் வரிசை. சட்டைக் கஞ்சி மடங்காத ஆள் என்று பெயர்.

இருபத்தேழு வயதில் வலது பாதம் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. சாயந்திரம் ஆனால் போதும், பூட்ஸுக்குள் யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி பாதம் உள்பக்கமாக மடங்கும். பெருவிரல் மட்டும் தனியாக மேலே விறைத்து நிற்கும். தூங்கி எழுந்தால் ஒன்றுமே இருக்காது. அதுதான் அவனைக் கெடுத்தது. காலையில் ஓட்டத்தில் முதலில் வருகிறவன் மாலையில் நொண்டினால் யார் நம்புவார்கள்?

"ஏலே வல்லரசு, ஒங்காலு டூட்டி சார்ட்டப் பாத்துத்தான் வலிக்குமோ?" என்று ஏட்டையா கேட்பார். வரிசை சிரிக்கும். அவனும் சிரிப்பான்.

புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் பந்தோபஸ்து. பெருமாளைப் பார்க்க மலைப்படி முழுக்கக் கூட்டம். நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு, மாலையில் கயிற்றைப் பிடித்துக் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது கால் அப்படியே பூட்டிக்கொண்டது. குப்புற விழுந்தான். எழுந்திருக்கக் கையை ஊன்றினால் கை நடுங்குகிறது.

"அடப் பெருமாளே! போலீஸே தண்ணியப் போட்டுட்டு மலைக்கு வருதான்யா" என்றார் ஒருவர். நாலைந்து பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அவனை ஊதச் சொல்லிச் சோதித்ததில் ஒன்றும் இல்லை. ஆனால் ஊதியது யாருக்குத் தெரியும்? படம்தான் ஊர் முழுக்கச் சுற்றியது.

அதன் பிறகு எண்ணெய் வைத்தியம், எலும்பு வைத்தியம், குலசாமிக்குக் கிடாய் எல்லாம் ஆனது. கடைசியில் மதுரையில் ஒரு நரம்பு டாக்டர், அவனைவிடக் கொஞ்சம் மூத்த அம்மா, முதல் கேள்வியே வேறு மாதிரி கேட்டார்.

"உங்க அப்பா அம்மா சொந்தமா?"

"அப்பாவோட அக்கா மகதான் டாக்டர் எங்கம்மா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்த அன்று பொறுமையாகச் சொன்னார். இளம் வயதிலேயே வருகிற பார்க்கின்சன் நோய், அதற்குக் காரணம் பார்க்கின் என்று ஒரு ஜீன். எல்லோருக்கும் அதில் இரண்டு பிரதி, அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று. ஒன்று பழுதானாலும் இன்னொன்று சமாளித்துவிடும். வல்லரசுக்கு இரண்டுமே பழுது. ஒரே வீட்டின் பழுது இரண்டு வழியாகவும் வந்து அவனிடம் சேர்ந்திருக்கிறது.

"அது என்ன வேலை பாக்கும் டாக்டர்?"

"செல்லுக்குள்ள கெட்டுப்போன புரதம் இருக்கும்ல, அதுமேல ஒரு குறி போடும். அந்தக் குறிக்கு யுபிகுட்டின்னு பேரு. குறி விழுந்தத செல்லே உடைச்சு அழிச்சிரும். குறி போட ஆள் இல்லைன்னா குப்பை உள்ளேயே தேங்கும். உங்க நடையைப் பாத்துக்கிற நரம்பு செல்லுங்க அதுலயே கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகுது."

வல்லரசுக்கு நாச்சியார் ஞாபகம் வந்தது. படிப்பு முடித்துவிட்டு இராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டுகிற துணி நெய்யும் கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இழை அறுந்த துணி, கறை பட்ட துணி எல்லாவற்றிலும் குறி போட்டு ஒதுக்குவது அவள் வேலை. குறி விழுந்தது கழிவு மூட்டைக்குப் போய்விடும். 'ஒருநாள் நான் லீவு போட்டா எல்லாக் குப்பையும் நல்ல துணியோட சேந்துரும் மாமா' என்று பெருமையாகச் சொல்வாள்.

"செக்கிங்ல ஆளே இல்ல" என்றான் மெதுவாக.

டாக்டர் புரியாமல் பார்த்தார். பிறகு, மாத்திரை இருக்கிறது, குணமாகாது, ஆனால் நேரம் தவறாமல் போட்டால் பல வருடம் நன்றாக நடக்கலாம் என்றார். "கல்யாணம் ஆயிருச்சா?"

"அக்கா மக இருக்கா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க அக்காவுக்கு நோய் இல்ல. ஆனா பழுதான பிரதி ஒண்ணு அவங்ககிட்ட இருக்க வாய்ப்பு நிறைய. மகளுக்கும் அது போயிருக்கலாம். போயிருந்தா அவ நல்லாத்தான் இருப்பா. உங்க ரெண்டு பேருக்கும் பொறக்குற ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி இந்த நோய் வர வாய்ப்பிருக்கு."

"போகலைன்னா?"

"பயமில்ல. அந்தப் பொண்ணு ரத்தத்தப் பாத்தா தெரிஞ்சிரும். வெளியில கட்டுனாலும் ஆபத்து ரொம்பக் கம்மி."

முதல் மாத்திரை போட்ட அன்று மதுரை பஸ் ஸ்டாண்டில் அவன் நேராக நடந்தான்! ஒரு சாதாரண ஆள் மாதிரி, கூட்டத்தில் இடித்துக்கொண்டு, பஸ்ஸில் ஓடி ஏறினான். சன்னலோரம் உட்கார்ந்ததும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. சந்தோஷமா துக்கமா என்று அவனுக்கே தெரியவில்லை.

நேராக அக்கா வீட்டுக்குப் போய் அடுப்படியில் வைத்துச் சொன்னான். "நாச்சியாருக்கு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துருவம்க்கா."

ஆனந்தவல்லி கரண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். "ஏலே, பொட்டப்பிள்ளைக்கு ரத்தத்துல கோளாறுன்னு எழுதி வாங்கச் சொல்லுதியா? நாளைக்கு ஒரு பேச்சு வந்தா பொறவு அவள எவன்லே கட்டுவான்?"

"நோய் அவளுக்கு வராதுக்கா. பிள்ளைகளுக்கு..."

"எங்கம்மா கட்டலையா? நான் நல்லா இல்லையா? நடக்குறதுக்குத்தான் மாத்திரை இருக்குல்ல, பேசாமப் போட்டுட்டு இரு."

அப்பா சீனிச்சாமி அதற்கும் மேலே போனார். கல்யாணத்தைத் தள்ளிப்போடுவார் என்று வல்லரசு நினைத்தான். அவரோ அவசரப்படுத்தினார். "அசல்ல பொண்ணெடுத்தா மாத்திரை டப்பாவ எங்கலே ஒளிப்ப? வந்த மறுநாளே ஊரக் கூட்டிருவா. அக்கா மகன்னா மூடி வைப்பா. நம்ம குத்தத்த நமக்குள்ளயே வச்சுக்கிடணும்."

மூடி வைத்து மூடி வைத்துத்தான் இது இங்கே வந்து நிற்கிறது என்று சொல்ல அவனுக்கு வாய் வந்தது. அம்மா முகத்தைப் பார்த்தான். அங்காளம்மாள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். சொன்னால் அது அவளைச் சொன்னதாக ஆகிவிடும். விழுங்கிக்கொண்டான்.

இதில் பெரிய கொடுமை, அவனுக்கும் நாச்சியாரைக் கட்ட ஆசை இருந்தது. கம்பெனி விட்டு டவுன் பஸ்ஸுக்கு நடக்கும்போது ஒருநாள் அவளே கேட்டாள்.

"மாமா, முகமே சரியில்லையே. என்னய வேண்டாம்னு சொல்லத்தான் ஒத்திகை பாக்கீயளா?"

"போடி கிறுக்கி. கால் நரம்புதான் கொஞ்சம்..."

"நரம்புதான? நான் நீவி விடுதேன். நொண்டி மாமான்னு நான் மட்டும் கூப்பிட்டுக்கிடுதேன், மத்தவிய கூப்பிட்டா கல்லெடுத்து எறிவேன்."

சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டாள். பிள்ளைகளைப் பற்றி டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்ல வேண்டும் என்றுதான் அன்றைக்கு வேலை பார்க்கிற ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்தான். சொல்லவில்லை. அடுத்த தடவையும் சொல்லவில்லை.

பரிசத்துக்கு நாள் குறித்தார்கள். ஆனந்தவல்லி காலை நேரம் கேட்டாள், தம்பி காலையில் நன்றாக நடப்பான் என்பதால். ஆனால் அவள் புருஷன் பாண்டிச்செல்வத்தின் அண்ணன் கருத்தப்பாண்டி மில்லில் ஷிப்டு முடிந்து வர சாயந்திரம் ஆகும். பெரிய மனுஷன் அவர் இல்லாமல் தட்டு மாற்ற முடியாது. பாண்டிச்செல்வத்துக்கோ அவர் வகையறாவுக்கோ நோய் விஷயம் தெரியாது. கால் சுளுக்கு என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள்.

"மதியத்துக்கு மேல மறக்காம மாத்திரையப் போட்ருலே" என்று அக்கா இரண்டு தடவை போன் செய்தாள்.

வல்லரசு மாத்திரையை எடுத்தான். கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். டெஸ்ட் என்று வெளியே சொன்னால் நாச்சியார் பெயர் கெடும். தானாக வேண்டாம் என்று சொன்னாலும் அவளிடம்தான் குறை தேடுவார்கள். குறி விழ வேண்டுமென்றால் தன்மேல் விழட்டும். மாத்திரையைப் பட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இராஜபாளையத்துக்குக் கிளம்பினான்.

பந்தலில் உட்காரும்வரை சமாளித்தான். வெற்றிலைத் தட்டு நடுவே வந்தது. சந்தனம் பூசினார்கள். "எந்திரிச்சு வந்து தட்டத் தொட்டு வாங்கு மாப்ள" என்றார் பாண்டிச்செல்வம். எழுந்தான். இரண்டு எட்டு வைத்ததும் பாதம் உள்ளே திரும்பியது. தட்டைத் தொட்ட கை கடகடவென்று ஆடியது. தேங்காய் உருண்டு கருத்தப்பாண்டி காலடியில் போய் நின்றது.

எல்லோரும் தேங்காயையே பார்த்தார்கள். அக்கா மட்டும் சைகையில் 'போடலையா?' என்று கேட்டாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"என்னப்பா இது? குடிச்சிருக்கியா?" என்றார் கருத்தப்பாண்டி.

"இல்ல பெரிய மச்சான். சீக்கு. மாத்திரை போட்டா தெரியாது. போடலைன்னா இதுதான் நான். சாகுற மட்டும் இருக்கும், கூடிக்கிட்டேதான் போகும். எங்க வீட்ல மறைச்சிட்டோம்."

"மறைச்சீயளாமில்ல!" கருத்தப்பாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். "எந்திரி பாண்டிச்செல்வம். தட்ட உள்ள எடுக்கச் சொல்லு."

கதவுக்குப் பின்னால் பட்டுச் சேலையில் நின்றிருந்த நாச்சியாரை அவன் ஒரே ஒரு தடவை பார்த்தான். அவள் அழவில்லை. அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அம்மா சட்டையைத் துவைக்கும்போது பையில் பாதி கரைந்த மாத்திரையைக் கண்டாள். மகளிடம் சொன்னாள். ஆனந்தவல்லி அதன் பிறகு தம்பியிடம் பேசவே இல்லை.

தை பிறந்ததும் நாச்சியாருக்கு அசலில் ராணுவத்தில் இருக்கிற சிவபாண்டி அமைந்தான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஆனந்தவல்லி ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றாள். அவனுக்கு அங்கே உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருந்தார்கள்.

"அவளுக்கு ஒரே தாய்மாமன் நீதான். மாலை போட்டுக் கையப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வரணும்." நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அன்னைக்காவது மாத்திரையப் போட்டுட்டு வா."

போட்டான். நேரம் பார்த்துப் போட்டான். மண்டபத்தின் உள்ளறையில் நாச்சியார் கழுத்தில் மாலை போடும்போது கை துளிகூட ஆடவில்லை. அவள் தலை குனிந்தபடியே, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"அன்னைக்கு மாத்திரை பையிலயே கெடந்துச்சாமே. டாக்டர் சொன்னதையும் அம்மா இப்பத்தான் சொன்னா."

"ம்."

"டாக்டரக் கேட்டீய, அம்மாவக் கேட்டீய, தாத்தாவக் கேட்டீய. ஊசி குத்த வேண்டிய கை ஏங்கைதான மாமா? நீட்டியிருக்க மாட்டேனா? ஏங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீயளா?"

நல்லது என்று நினைத்துத்தான் செய்தான். அவளை விட்டுவிட்டு அவளுக்கு நல்லது செய்திருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது.

வெளியே மேளம் ஏறியது. "மாமன்காரன் எங்கப்பா, நேரமாச்சு!" என்று சத்தம் வந்தது. அவள் கையை நீட்டினாள். அவன் பிடித்தான். காது குத்திய அன்று பிடித்த அதே கை.

மணவறைவரை அவன் கால் மடங்கவே இல்லை. மடங்கியிருந்தால் அந்தக் கையைப் பிடித்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம்.