ரேடியேட்டரில் கிண்டிய கூழ்

என் காரை உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்தியில் அதைத் திட்டி நான் எழுதாத மாதமே கிடையாது. ஆனால் போன வியாழக்கிழமை நடந்ததற்கு அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். பாவம், அது என்ன செய்யும்? ஊற்றியதையெல்லாம் குடித்தது.

காலை ஒன்பது மணிக்கு, லீவில் வந்த ஒரு சிப்பாய் திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் தங்கை கமலாவிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். நேற்றே கொடுத்திருக்க வேண்டியதாம், பஸ் கிடைக்கவில்லையாம். எழுதியவர் கமலாவின் புருஷன். பட்டாளத்தில் லாரி மெக்கானிக்.

‘வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் ரயில் விழுப்புரம் ஜங்ஷனில் அரை மணி நிற்கும். குழந்தையைக் கொண்டு வா.’

அவ்வளவுதான் கடிதம். எங்கே போகிறார் என்று எழுதவில்லை. எழுதக் கூடாதாம். குழந்தைக்கு ஏழு மாதம். அப்பனும் பிள்ளையும் இன்னும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

பாசஞ்சர் ரயில் அப்போதே போய்விட்டது. யுத்தம் வந்ததிலிருந்து கரி காஸில் ஓடுகிற பஸ் எப்போது கிளம்பும் என்று அதன் டிரைவருக்கே தெரியாது. மிச்சம் இருந்தது என் கார். ரேஷன் கூப்பனில் வாங்கிய பெட்ரோல் கொஞ்சம் இருந்தது. ரேடியேட்டரில் ஒரு பொத்தலும் இருந்தது.

பொத்தல் சின்னதுதான். ரேடியேட்டர் தண்ணீரில் ஒரு கரண்டி மஞ்சள் தூள் போட்டால் அடைத்துக்கொள்ளும் என்பது நான் பல வருஷமாகக் கண்ட வைத்தியம். போட்டேன். அடைத்துக்கொண்டது. பத்து மணிக்குக் கிளம்பினோம். இருபத்து மூன்று மைல்... இரண்டு மணி நேரம் இருக்கிறதே, என்ன அவசரம் என்று நினைத்தேன்.

கூட்டேரிப்பட்டில் ஆவி அடித்தது. மூடியைத் திறந்தால் தண்ணீர் பாதிதான் இருந்தது. எதிரே காப்பிக் கடை. கடைக்காரர் தோளில் துண்டோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“மஞ்சளா போட்டுக்கீறீங்க? யாருங்க சொன்னது? ரெண்டு முட்டைய ஒடச்சு வெள்ளைய மட்டும் ஊத்துங்க. சூட்டுல வெந்து போய் அப்படியே ஓட்டைய அடைச்சிக்கும்.”

நம் ஊரில் காய்ச்சலுக்கு வைத்தியம் தெரியாதவர் இருக்கலாம். காருக்கு வைத்தியம் தெரியாதவர் உண்டா? கார் வைத்திருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. அவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது, பிறகு விசாரித்தேன். ஆனாலும் அவர் சொன்ன உறுதியில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. முட்டையும் அவர் கடையிலேயே இருந்தது. ஊற்றினோம். கிணற்றுத் தண்ணீர் இரண்டு குடம் விட்டோம். மறுபடி கிளம்பினோம்.

முட்டை வேலை செய்தது — விக்கிரவாண்டி வரைக்கும். அங்கே மறுபடி ஒழுகல். இப்போது சொட்டு சொட்டாக. மணி பதினொன்றே கால். கமலா பின் ஸீட்டில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடிக்கடி தலையை வெளியே நீட்டி ரோட்டைப் பார்த்தாள்.

மாவு மெஷினிலிருந்து கேப்பை மாவு மூட்டைகளோடு ஒரு மாட்டு வண்டி வந்தது. வண்டிக்காரர் பனமலைப் பக்கத்து விவசாயி. மாட்டை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

“முட்டை இன்னாத்துக்காவும், சாமி? எங்க ஊருக்கு வர்ற லாரிக்காரன் கேப்பை மாவுதான் போடுவான். நானே பாத்துக்கீறேன். ஒரு கை போடுங்க, போதும். ஜல்தியா போய்ச் சேருவீங்க.”

அப்போதுதான் கமலா வாயைத் திறந்தாள்.

“அண்ணா, கொதிக்கிற தண்ணியில கேப்பை மாவு போட்டா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும்ணா. வேணாம்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே வெட்கமாக இருக்கிறது. “சமையல் வேற, மோட்டார் வேற. நீ சும்மா இரு” என்றேன். சொன்னதோடு விட்டேனா? அவர் ஒரு கை என்றார். நான், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கை அள்ளிப் போட்டேன்.

முண்டியம்பாக்கம் தாண்டி வண்டி நின்றது. தள்ளினேன், உதைத்தேன், திட்டினேன். மூடியைத் துணியால் பிடித்துத் திறந்தேன். உள்ளே மஞ்சள் வாசனையோடு, முட்டைத் துணுக்குகள் மிதக்க, கேப்பைக் கூழ் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. ஒழுகல் நின்றிருந்தது என்பது உண்மை. கூழ் எப்படி ஒழுகும்? ஓடவேண்டிய தண்ணீரும் நின்றுபோயிருந்தது. இன்ஜின் தொடமுடியாத சூட்டில் இறுகிக் கிடந்தது.

கமலா எட்டிப் பார்த்தாள். “உப்பு ஒண்ணுதான் கொறச்சல்” என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

விழுப்புரத்துக்கு இன்னும் நாலு மைல். யாரையோ இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஜட்கா கிடைத்தது. குதிரை அதற்குத் தெரிந்த வேகத்தில்தான் போனது. பாதி வழியில் பக்கத்துத் தண்டவாளத்தில் பட்டாள ரயில் எங்களைத் தாண்டிப் போயிற்று. ஜன்னலுக்கு ஜன்னல் காக்கிச் சட்டை. கமலா ஓடுகிற ஜட்காவிலிருந்து குழந்தையை வெளியே தூக்கிப் பிடித்தாள். எந்த ஜன்னல் என்று யாருக்குத் தெரியும்? முன்பின் தெரியாத சிப்பாய்கள் கை ஆட்டினார்கள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். என் இரண்டு கையையும் வெட்டிப் போடலாம் என்றிருந்தது.

ஸ்டேஷனில் நுழையும்போது பன்னிரண்டு இருபத்தைந்து. பிளாட்பாரத்தில் ஓடினோம். கடைசிக்கு முந்தின பெட்டியின் வாசலில் மாப்பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கியபடி கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்தார். கமலா குழந்தையை அவர் கையில் கொடுத்தாள்.

இருந்தது ஐந்து நிமிஷம். ஏழு மாதக் குழந்தை, ஒரு வருஷத்துக்கு மேலாகப் பார்க்காத பெண்டாட்டி, எங்கே என்று சொல்லமுடியாத ஊருக்குப் பயணம். மனுஷன் என்ன பேசினார் என்று நினைக்கிறீர்கள்?

“ஏன் மச்சான் இவ்ளோ நேரம்?”

சொன்னேன். மஞ்சள், முட்டை, கேப்பை மாவு. மாவு எத்தனை கை என்பதை மட்டும் விட்டுவிட்டேன். “ரெண்டு கை” என்று கமலா சேர்த்துக்கொண்டாள்.

“இன்னா மச்சான் நீங்க... ஒண்ணு போட்டா அதோட உடணும். மேல மேல கலந்தா உள்ள இருக்கிற குழாய் பூரா அடைச்சிக்கும். கழட்டி, துணி வெளுக்கிற சோடாத் தண்ணி உட்டுக் கொதிக்க வச்சு, எதிர்ப் பக்கமா தண்ணி அடிச்சுக் கழுவுங்க. இனிமே ஓட்டை உழுந்தா கடுகுத்தூள் போடுங்க. பட்டாளத்துல நாங்க அதான் போடறோம்.”

இன்னொரு வைத்தியம்! அதுவும் இந்த ஐந்து நிமிஷத்தில். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. பெண்டாட்டியோடு பேசும் ஐயா என்று கத்தலாம் என்று நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை. குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு, அதன் காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கடுகுத்தூள் எவ்வளவு போடவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

விசில் ஊதியது. குழந்தையைத் திருப்பிக் கொடுத்தார். வண்டி நகர்ந்தபோது கமலா கூடவே நடந்தாள்.

“அந்தக் கடுக நீங்களே வந்து போடுங்க” என்றாள்.

“வர்றேன்” என்றார்.

காரை மாடு கட்டி இழுத்து வந்தேன். ரேடியேட்டரைக் கழற்றி, அவர் சொன்னபடியே கழுவியாகிவிட்டது. பொத்தல் அப்படியேதான் இருக்கிறது.

வீட்டில் இருந்த கடுகு முழுவதையும் கமலா ஒரு டப்பாவில் போட்டு மூடி, மேல் அலமாரியில் வைத்துவிட்டாள். யாரும் தொடக் கூடாதாம். ஒரு வாரமாக எங்கள் வீட்டில் தாளிக்காத குழம்புதான்... நானும் கேட்காமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.