திராட்சை இலைக்கு நான் சொன்ன தீர்ப்பு

முப்பது வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருந்தேன். சோதனைக் குழாய்களைக் கழுவித் துடைத்துத் தாங்கியில் கவிழ்த்து வைப்பதுதான் என் வேலை. அமில பாட்டில் எது, கார பாட்டில் எது என்று தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஓய்வு பெற்று, அப்பா விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தைப் பார்க்க சுருளிப்பட்டிக்கு வந்தபோது யாரோ டீக்கடையில் "சாரு கெமிஸ்ட்ரி படிச்சவுக" என்று சொல்லிவிட்டார்கள். மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது.

அப்புறம் கம்பம் பஜாரில் ஒரு லென்ஸ் வாங்கினேன். அதுதான் என்னைக் கெடுத்தது. சட்டைப் பையில் லென்ஸ் இருக்கிறவனிடம் இலையைக் காட்டாமல் யார் போவார்கள்? காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பாலித்தீன் பையில் இலை, பேப்பரில் மடித்த பூ, தீப்பெட்டிக்குள் பூச்சி என்று வரும். லென்ஸை வைத்துப் பார்ப்பேன். "ம்ம்" என்பேன். அந்த "ம்ம்" சரியான நீளத்தில் இருந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. மீதியை கம்பத்து உரக்கடைக்காரர் பார்த்துக்கொள்வார்.

கேட்க ஆள் இருந்தால் வரலாறும் சொல்வேன். எங்கள் அப்பா காலத்தில் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் பானையில் கரைத்து அடித்தார்கள். அரிவாள் நுனியை அந்தக் கரைசலில் முக்கிப் பார்ப்பார்கள். இரும்பில் செம்புநிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அப்புறம் வெள்ளைப் பவுடர் வந்தது. வேட்டித் துணியில் மூட்டை கட்டிக் கம்பால் தட்டுவார்கள். பயிரும் வெளுக்கும், தட்டுகிறவரும் வெளுத்துப் போவார். பின்னால் டின்னில் மருந்து வந்தது. மருந்து தீர்ந்ததும் அந்த டின்னைக் கழுவி அதிலேயே தண்ணீர் மொண்டார்கள். இப்போது உள்ளங்கை அகலத்தில் பாட்டில், யானை விலை. இத்தனையும் சொல்லிவிட்டு முத்தாய்ப்பாக ஒன்று சொல்வேன்: "எல்லாத்தையும் விட முக்கியம், களைக்கொல்லி அடிச்ச ஸ்பிரேயர் டேங்கைத் திராட்சைக்கு எடுக்கக் கூடாது. துளி ஒட்டியிருந்தாலும் கொடி போயிரும்." எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டுவேன்.

என் தோட்டத்துக்கு அடுத்த நிலம் ஒரு அக்காவுடையது. சொந்தம் ஒன்றுமில்லை, பழக்கத்தில் அக்கா. புருஷன் இல்லை, மகன் திருப்பூரில் இருக்கிறான். இரண்டு கறவை மாடு வைத்துக்கொண்டு, அவற்றுக்காகவே வேலியோரமாக மக்காச்சோளம் போடுவார். டீக்கடைக்குப் பால் ஊற்றுவதும் அவர்தான். என் சொற்பொழிவைத் தூக்குச்சட்டியோடு நின்று முழுசாகக் கேட்கும் ஒரே ஆள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

போன பருவத்தில் கவாத்து வெட்டி முடிந்து தளிர் வந்த சமயம், வேலியோரக் கொடிகளில் இலைகள் ஒரு மாதிரியாகச் சுருங்க ஆரம்பித்தன. நரம்பெல்லாம் நெருங்கி, ஓரம் பல்பல்லாகி, பாதி விரித்த விசிறி போல நின்றன. பூங்கொத்து கருகியது. வேலியோரம் மோசம், உள்ளே போகப் போகக் குறைவு. லென்ஸே தேவையில்லை. களைக்கொல்லி. பக்கத்து நிலத்தில் அடித்தது காற்றில் வந்திருக்கிறது. வேலியிலிருந்து குறைந்துகொண்டே போகிறதே, இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நேரே டீக்கடைக்குப் போனேன். அக்கா பாலை ஊற்றிக்கொண்டிருந்தார். இலையை பெஞ்சில் பரப்பினேன்.

"அக்கா, சோளத்துக்குக் களைக்கொல்லி அடிச்சீகளா?"

"இல்லையே தம்பி. மாட்டுக்குப் போடுற தட்டை. அதுக்குப் போயி மருந்தடிப்பேனா? கையிலதான களை எடுத்தேன்."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

அத்தோடு விட்டிருக்கலாம். கூட்டம் சேர்ந்துவிட்டதே! நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அவருடைய மாட்டுக்கொட்டகைக்கே போனேன். கூரை எரவாணத்தில் ஒரு களைக்கொல்லி பாட்டில் பாதி காலியாகச் செருகி இருந்தது. வக்கீல் மாதிரி அதைத் தூக்கிக் காட்டினேன்.

"அது போன வருசம் எம்மகன் வாங்கியாந்ததுப்பா" என்றார் அக்கா. குரல் இறங்கிவிட்டது.

"வயசாகுதுல்லக்கா. மறந்திருப்பீக" என்றேன். பெருந்தன்மையாக, எல்லோருக்கும் கேட்கும்படி.

நஷ்டஈடு எதுவும் வேண்டாம் என்று வேறு அறிவித்துவிட்டு வந்தேன். அன்று மட்டும் எனக்கு மூன்று டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அடுத்த நாளிலிருந்து அக்கா பாலை ஊற்றிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போக ஆரம்பித்தார். வேலியோரம் நாலு பாத்தி அகலத்துக்குச் சோளத்தை அறுத்துவிட்டுச் சும்மா போட்டார். குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். மனிதர்களையும் லென்ஸ் இல்லாமலே படித்துவிடுகிறேனே என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

ஒரு மாதம் போயிருக்கும். என் மனைவி வீட்டுக்குப் பின்னால் தக்காளி போட்டிருந்தாள். வீடு ஊருக்குள் இருக்கிறது, தோட்டத்துக்கும் அதற்கும் நல்ல தூரம். வெள்ளை ஈ விழுந்திருக்கிறது என்று அவள் பத்து நாள் சொன்ன பிறகு, தோட்டத்து ஸ்பிரேயரைத் தூக்கி வந்து வேப்பெண்ணெய் கரைத்து அடித்தேன். அடித்த கையோடு அதை அப்படியே மூலையில் வைத்துவிட்டேன். ஐந்தாம் நாள் மனைவி கூப்பிட்டாள். தக்காளி இலையெல்லாம் சுருங்கி, நுனி முறுக்கிக்கொண்டு, பாதி விரித்த விசிறி போல நின்றது.

நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்த அக்கா இங்கனயும் வந்து அடிச்சிட்டாகளோ?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கவாத்து முடிந்த சமயம், மோட்டார் ரூமுக்குப் போகிற பாதையில் பார்த்தீனியம் மண்டியிருந்தது. களைக்கொல்லி அடித்தது நான். போடியில் ஒரு கல்யாணம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. டேங்கை இரண்டு அலசு அலசிக் கவிழ்த்துவிட்டு ஓடினேன். அப்புறம் அதே டேங்கில் கொடிகளுக்குச் சாம்பல் நோய் மருந்து கலக்கி அடித்தேன். தண்ணீர்த் தொட்டி வேலியோரம் இருப்பதால் எப்போதும் அங்கேதான் ஆரம்பிப்பேன். முதல் டேங்க் வேலியோரக் கொடிகளுக்கு, அடுத்தது அடுத்த வரிசைக்கு. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் விஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போயிருக்கிறது. ஸ்பிரேயர் ரப்பரில் ஊறிக்கிடந்த மிச்சம் தக்காளிக்குப் போயிருக்கிறது. உள்ளே போகப் போகக் குறைந்தது காற்றால் அல்ல. முப்பது வருடம் குழாய் கழுவியவன் ஒரு டேங்கைக் கழுவவில்லை.

உடனே ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. மூன்று நாள் தள்ளிப் போட்டேன். முதல் நாள் காய்ச்சல் வரும் போல இருந்தது, வரவில்லை. இரண்டாம் நாள் அமாவாசை. மூன்றாம் நாள், "இனிமே சொல்லி என்னாகப் போகுது, கொடி போனது போனதுதானே" என்று மனைவியிடம் தத்துவம் பேசினேன். அவள் சுருங்கின தக்காளிச் செடி ஒன்றைப் பிடுங்கி நான் சாப்பிடும் இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயந்திரம் அக்காவின் கொட்டகைக்குப் போனேன். மாடுகளைப் பார்க்க ஒரு வியாபாரி வந்துவிட்டு அப்போதுதான் போயிருந்தார்.

"மாட்டை விக்கிறீகளாக்கா?"

"மகன்தான் சொல்றான் தம்பி. நீ எல்லாத்தையும் மறக்க ஆரம்பிச்சிட்ட, தனியா இருக்க வேணாம், திருப்பூருக்கு வந்துருங்கிறான். அவஞ் சொல்றதும் சரிதான். மருந்தடிச்சது எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஞாபகம் வரலை. நீங்க லென்ஸ் வச்சுப் பாத்துச் சொன்னீக, பொய்யா இருக்குமா? இப்பல்லாம் மோட்டாரை நிறுத்துனமான்னு பாதி வழியில திரும்பி வந்து பாக்குறேன். அடுப்பை அமத்துனமான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்குறேன். நேத்து கறந்த பாலையே கறந்தமான்னு சந்தேகமா இருக்கு."

அவர் குற்ற உணர்ச்சியில் முகம் கொடுக்காமல் போகிறார் என்று நினைத்தேன். தன் புத்தி தன்னை விட்டுப் போகிறதோ என்ற பயத்தில் போயிருக்கிறார். அந்தப் பயத்தைக் கொடுத்தவன் நான். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். பார்த்தீனியம், கல்யாணம், தக்காளி என்று ஒன்று விடாமல் சொன்னேன். அக்கா வெகுநேரம் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "என்னைச் சமாதானப்படுத்தச் சொல்றீகளா?" என்றார்.

"இல்லக்கா. சத்தியமா."

"அப்ப டீக்கடையில வந்து சொல்லுங்க. அங்கனதான சொன்னீக."

மறுநாள் காலையில் சொன்னேன். எழுந்து நின்று சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு ஒருவர், "சாருக்கு எவ்வளவு பெரிய மனசு! வயசான பொம்பளைன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிறாக பாருங்க" என்றார். இன்னொருவர் எனக்கு டீ சொன்னார். நான் கத்தினேன். கத்தக் கத்த என் பெருந்தன்மை வளர்ந்துகொண்டே போனது. பொய் சொன்னபோது உடனே நம்பிய கூட்டம், உண்மை சொன்னபோது நம்ப மாட்டேன் என்கிறது. பால் ஊற்ற வந்த அக்கா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு தலைகுனிந்து போய்விட்டார்.

வீட்டுக்கு ஓடினேன். மருந்து படாத தக்காளி நாற்று இரண்டை இரண்டு பெயிண்ட் டப்பாவில் நட்டேன். அந்த ஸ்பிரேயரையும் தூக்கிக்கொண்டு வந்தேன். டீக்கடைக்காரர் கையாலேயே டேங்கில் குழாய்த் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். வெறும் தண்ணீர். அதை ஒரு நாற்றுக்கு அடித்தேன். இன்னொன்றுக்கு டம்ளரில் தண்ணீர் தெளித்தேன். இரண்டையும் கடை வாசலில் வைத்தேன். "அஞ்சு நாளைக்கு யாரும் தொடக் கூடாது" என்றேன்.

செடி பிழைக்கத்தான் இதுவரை பிரார்த்தித்திருக்கிறேன். ஒரு செடி நாசமாகப் போக வேண்டும் என்று சுருளிமலைக் கோயில் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டது அந்த ஐந்து நாள்தான். நாளுக்கு நாலு தடவை போய் எட்டிப் பார்த்தேன். தக்காளிக்கு அடித்தபோதே விஷமெல்லாம் கழன்று போயிருந்தால்? என்னைப் போன்ற சோம்பேறி கழுவாமல் வைத்த டேங்க் என்பதுதான் ஒரே நம்பிக்கை.

நாலாம் நாளே நுனி முறுக்கியது. ஐந்தாம் நாள் காலை, பக்கத்து நாற்று பச்சையாக நிமிர்ந்து நிற்க, என் நாற்று விசிறி பிடித்து நின்றது. கடையில் எல்லோரும் இரண்டு டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுச் சிரித்தார். போன தடவை எனக்கு டீ சொன்னவர், இப்போது என் முன்னால் வந்த டீயைத் தானே எடுத்துக் குடித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு டப்பா முன்னால் உட்கார்ந்தார். சுருங்கின இலையைத் தொட்டார், நல்ல இலையைத் தொட்டார்.

"அப்ப நான் அடிக்கலை" என்றார், தனக்குத்தானே.

இடுப்பிலிருந்து போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். "ஏலே, நான் மருந்தடிக்கலைடா. மாட்டை விக்கலை, யாவாரிய வர வேணாம்னு சொல்லிரு" என்றார். அந்தப் பக்கம் மகன் ஏதோ சமாதானம் சொல்லியிருக்க வேண்டும். அக்கா போனை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே சொல்லுங்க தம்பி. நீங்க சொன்னாத்தான் நம்புவான்."

மணிக்கணக்காகப் பேசும் எனக்கு ஒரு வரிதான் வந்தது.

"தம்பி, மறந்தது உங்க ஆத்தா இல்லப்பா. நான்தான்."