ஒன்பதாயிரம் ரூபாய்த் திறன்பேசியும் மங்கலத்தில் ஒரு பந்தயமும்

உழைத்துக் காய்த்த கைகளுக்கு உரியவர்களே, பயணப் பை கட்டும் நண்பர்களே! ஒரு பெண்ணின் திறமையை, அவர் வைத்திருக்கும் திறன்பேசியின் விலையால் அளக்கிறார்கள். உலகத்துக்கே உடுப்பு தைத்துத் தரும் திருப்பூர் வட்டாரத்தில் இது நடக்கிறது. நான் நேரில் கண்டு எழுதுகிறேன்.

சென்ற வெள்ளி மாலை திருப்பூரில் ஒரு கூட்டத்தில் பேசினேன். முடித்ததும் நூர்ஜகான் என்ற பெண் எழுந்தார். மங்கலத்தில் ஒரு பனியன் ஆலையில் ஆறாண்டுகளாக நூல் பிசிறு வெட்டுபவர். தைத்த ஆடைகளில் குறை காணும் செக்கிங் வேலைக்கு உயர விரும்புகிறார். ஓட்டையோ கறையோ தென்பட்டால், சொந்தத் திறன்பேசியில் படமெடுத்துச் செயலி வழியே அரை மணித்துளிக்குள், அதாவது முப்பது நொடிக்குள், அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அவருடையது ஒன்பதாயிரம் ரூபாய்க் கருவி. இருபதாயிரத்துக்குக் குறைந்தது ஆகாது என்று மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். திங்களன்று அவ்விடத்தில் வேறொருவராம்.

"ஒரு மணி நேரமா நல்லாப் பேசுனீங்கண்ணா. எம்பட போனுக்காவும் ரெண்டு வார்த்தை பேசுங்களேன்" என்றார். அரங்கம் சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை 7.40க்குப் பழைய பேருந்து நிலையத்தில் நகரப் பேருந்து ஏறினேன். மங்கலம் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கட்டணம் பத்து ரூபாய். (பெண்களுக்குக் கட்டணமில்லை.) வேலைக்குச் செல்வோர் கூட்டத்தில் நின்றபடியே போய் 8.20க்கு இறங்கினேன். விசைத்தறிகள் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தன.

அரை நாள் விடுப்பெடுத்துத் தேநீர்க் கடையில் நூர்ஜகான் காத்திருந்தார். என்னுடையது நாற்பத்திரண்டாயிரம் ரூபாய்க் கருவி. பிள்ளைகள் வாங்கித் தந்தது. இரண்டிலும் ஒரே நிறுவனத்தின் முன்கட்டண இணைப்பு. செயலியை என் கருவியிலும் ஏற்றிக்கொண்டோம். கடையோரம் தானியை (ஆட்டோவை) நிறுத்தியிருந்த ஓட்டுநர் தாமாகவே நடுவரானார். செயலியைத் திறந்து, கிழிந்த பனியன் ஒன்றைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். நூர்ஜகானுக்கு நாற்பத்தெட்டு நொடி ஆனது. எனக்கோ ஒரு மணித்துளியும் பத்து நொடியும்! பொத்தானைத் தேடித் தடவியதிலேயே பாதி போய்விட்டது.

"போன் வேகந்தானுங்க. ஓட்றவருதான் மெதுவுங்க" என்றார் ஓட்டுநர்.

அடுத்து இரண்டையும் நூர்ஜகானே இயக்கினார். என்னுடையது பதினான்கு நொடி, அவருடையது மறுபடியும் நாற்பத்தெட்டு. அவர் முகம் வாடியது. "மேனேஜர் சொன்னது நெசந்தானுங்களா அண்ணா?" என்றார். நானும் சோர்ந்தேன். மெய்யை மறைத்து மேடையேறிப் பழக்கமில்லை எனக்கு.

என் கருவியைத் திருப்பித் தரும்போது, அதிலிருந்த படங்களின் எண்ணிக்கை அவர் கண்ணில் பட்டது. இருநூறுகூட இல்லை. தம்முடையதைத் திறந்தார். எட்டாயிரத்துச் சொச்சம்! ஆலையின் கட்டிங், தையல், பேக்கிங் பிரிவுகளின் செய்திச் செயலிக் குழுக்களில் வரும் ஒவ்வொரு துணிப் படமும் தானாகவே அவர் கருவியில் சேர்ந்து, இடத்தை முழுக்க அடைத்திருந்தது.

"ஏனம்மா அழிக்கவில்லை?"

"சரக்கு கப்பல் ஏறுற வரைக்கும் ஒரு துண்டுத் துணியக்கூட வீசக் கூடாதுங்கண்ணா. அதுதான் எங்க கம்பெனி பழக்கம். போனுக்கும் அதே சட்டம்னு இருந்துட்டனுங்க."

"அந்தச் சரக்கெல்லாம் போயிருச்சுங்களா?" என்றார் ஓட்டுநர்.

"போயி, வித்து, வாங்குனவங்க அதை உடுத்திக் கிழிச்சே இருப்பாங்க!"

மூவரும் சிரித்தோம். கப்பலேறிய சரக்கின் படங்களைத் தேடித் தேடி அழித்தார். அரை மணி நேரமும் இரண்டு சுற்றுத் தேநீரும் ஆயின. ஒரு தேநீர் பதினைந்து ரூபாய். படங்கள் தானாகச் சேரும் அமைப்பையும் நிறுத்தினார். கருவியை அணைத்து மீண்டும் உயிர்ப்பித்து, அதே பனியனைப் படமெடுத்து அனுப்பியபோது ஆனது பத்தொன்பது நொடி.

நாற்பது ரூபாய்க்கு அந்தத் தானியிலேயே ஒன்றரைக் கிலோமீட்டர் போய், பதினொரு மணித் தேநீர் இடைவேளையில் மேலாளரைக் கண்டோம். நயமாகவே பேசினார். "தப்பா நினைக்காதீங்க, சீப் போன்ல ஆப் ஓப்பன் ஆகறதுக்குள்ள லாட்டே பேக் ஆயிருமுங்க." (லாட் என்றால் ஒரு தொகுதிச் சரக்கு.)

"நீங்களே மணி பாருங்க சார்" என்றார் நூர்ஜகான்.

தகரக் கூரையின்கீழ் இணைய அலைவரிசை நலிந்திருந்தது. என்னுடையது இருபத்தாறு நொடி, அவருடையது இருபத்தேழு. அலைவரிசையின் வாசலில் விலையுயர்ந்ததும் மலிவானதும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியதுதான். மேலாளர் நம்பாமல் மூன்று முறை பார்த்தார். ஒரு குறையையும் ஒளிக்கமாட்டேன்: கருநீலத் துணி நூர்ஜகானின் கருவியில் கறுப்பாகத்தான் தெரிந்தது. அவர் அதைச் சன்னலோரம் எடுத்துப் போய், வெளிச்சத்தில் மறுபடி படமெடுத்தார். நீலம் தெரிந்தது.

"சரிங்க, திங்கக்கெழமை வாங்க. ஒரு வாரம் பாக்கலாம்" என்றார் மேலாளர்.

"ஒரு வாரம் வேண்டாமுங்க சார். ஒரு லாட் போதும்" என்றார் நூர்ஜகான். வாசலுக்கு வந்ததும் என்னிடம், "இனி செக்கிங் சீட்டுல எம்பட கையெழுத்து இருக்கும்ங்கண்ணா" என்றார். எத்தனையோ கைதட்டல்கள் கேட்ட காது எனக்கு. இதற்கு ஈடாக ஒன்றும் நினைவில்லை.

இவ்வழி செல்வோருக்கு: காலைக் கூட்டத்தைத் தவிர்க்கப் பத்து மணிக்குப் பின் பேருந்து ஏறுங்கள். மலிவுக் கருவி வைத்திருப்போர், புதியது வாங்கும்முன் படக்கிடங்கைத் திறந்து பாருங்கள். முன்கட்டணத் திட்டத்தில் ஒரு நாளுக்குரிய இணைய அளவு தீர்ந்துவிட்டால், நாற்பதாயிரம் ரூபாய்க் கருவியும் ஊர்ந்துதான் போகும். இருட்டான நிறங்களைப் படமெடுக்க வெளிச்சத்துக்குப் போங்கள்.

ஆனால் நூர்ஜகானுக்கு முன்பே, அதே காரணத்தால் அந்த வாசலிலிருந்து நால்வர் திரும்பியிருக்கிறார்கள். அவர்களுக்காக யாரும் நொடி எண்ணவில்லை. ஆலை நடத்துவோரே! உங்கள் வேலைக்கு உங்கள் கருவியைக் கொடுங்கள். இயலாதென்றால், அவர்கள் கருவியின் விரைவை அளந்து பாருங்கள், விலையைக் கேட்காதீர்கள். அந்த நால்வரையும் திங்கள் வரை காக்க வைக்காமல் இன்றே அழையுங்கள்!