உண்டியலில் போட்ட கால்

போன மாதம் என் முழங்காலை அமுக்கிப் பார்த்த டாக்டர், "எப்படி உக்காந்து வேலை பாக்கீங்க?" என்று கேட்டார். நாற்காலியில் என்றேன். சாதாரணமான பதில்தான். இதே கேள்வியை ஒரு டாக்டர் என் அம்மாவிடம் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அப்போது ஏழாம் வகுப்பு படித்தேன்.

அம்மாவுக்கு வலது முழங்காலில் வலி. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. அப்பா போர்த் தண்ணீரைச் சொன்னார். பானை அடியில் வெள்ளையாகப் படிகிற உப்பு முட்டிலும் படியாமல் இருக்குமா என்பது அவர் கட்சி. சித்தி உருளைக்கிழங்கைச் சொன்னாள். எருக்கிலையை வாட்டிக் கட்டினார்கள். வாரம் நாலு நாள் முடக்கத்தான் தோசை சுட்டார்கள். வலியே இல்லாத நானும் அப்பாவும் அதைத் தின்று தீர்த்தோம். எங்கள் கால்கள் மிக நன்றாக இருந்தன.

அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கினாள். வலது காலை மடக்கித் தரையில் போட்டு, இடது காலைக் குத்தவைத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே இருப்பு. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்திக்கு முடியாமல் போனால் அவள் உட்கார்ந்த இடத்தில் அவள் மகள் உட்காருவாள். பக்கத்து வீட்டு அக்கா அப்படித்தான் எட்டாம் வகுப்போடு நின்று அவள் அம்மாவின் இடத்துக்குப் போனாள். வீட்டுப்பாடம் எழுதாமல் ஒரு பிறவி வாழ்கிறாளே என்று அவள்மேல் எனக்கு ஒரே பொறாமை.

ஒருநாள் ஆபீஸ் கணக்கப்பிள்ளை எங்கள் வாசலில் நின்று, "முடியலன்னா பிள்ளைய அனுப்புங்கக்கா" என்றார். அன்று காலையில் சுவரைப் பிடித்து எழுந்தவள் அம்மா. "எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்" என்று சொல்லி, அவர் கண்ணெதிரே விறுவிறுவென்று தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்து வைத்தாள். அவர் போனதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வலிக்கிறதா வலிக்கவில்லையா என்று எனக்கு விளங்கவில்லை.

சித்திதான் இருக்கன்குடிக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னாள். நோவு கண்ட உறுப்பின் உருவம் பதித்த தகட்டை வாங்கி உண்டியலில் போட்டால் மாரியம்மன் பார்த்துக்கொள்வாள். கோவிலுக்குப் போன அன்று ஆற்று மணலில் நடக்க முடியாமல் அம்மா சித்தியோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட, தகடு வாங்க நான் போனேன்.

"எந்தக் காலு பாப்பா?" என்றாள் கடைக்காரம்மா.

வலது கால் என்றேன். குவியலுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துத் தந்தாள். அம்மா அதை முழங்காலில் மூன்று முறை தடவி, என்னையே போட்டுவிட்டு வரச் சொன்னாள். கூட்டத்தில் நெரிபட்டு உண்டியலுக்குப் போய்ச் சேர்ந்தேன். தகடு பாதி உள்ளே போன பிறகுதான் கவனித்தேன். பெருவிரல் தப்பான பக்கத்தில் இருந்தது. அது இடது கால். என் கையிலிருந்து நழுவி அதுவாகவே விழுந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் வலது காலில் வலி குறைந்தது. இடது முழங்கால் வீங்கியது.

வீடே குழம்பியது. ஒரு தண்ணீர் ஒரு காலில் இறங்கி இன்னொரு காலில் ஏறுமா என்று அப்பா யோசித்தார். என் குழப்பம் பெரிது. இடது காலுக்குத் தகடு போட்டால் இடது கால் அல்லவா தேற வேண்டும், அது ஏன் வலிக்கிறது? பலநாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தேன். வலியில்லாத காலுக்கு மனுப் போட்டிருக்கிறோம். மனு பொய்யாகக் கூடாதென்று அம்மன் வலியை அந்தக் காலுக்கே மாற்றிவிட்டாள். ஆக, அம்மா நொண்டினால் அது என்னால். அவள் நொண்டுவதைப் பார்க்க முடியாமல் அடுப்படிப் பக்கமே போகாமல் இருந்தேன்.

கடைசியில் கோவில்பட்டி டாக்டரிடம் போனோம். எப்படி உட்கார்ந்து வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

"வீட்டுல சும்மாத்தான் இருக்கேன் டாக்டர்."

அம்மாவுக்கு மறதி வந்துவிட்டதோ என்று நினைத்து, "இல்ல டாக்டர், அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போறா" என்றேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். டாக்டருக்கு அது போதுமாக இருந்தது. காலை மடக்கித் தரையில் உட்காருவதை அடியோடு நிறுத்தினால்தான் தேறும் என்று சொல்லிவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அழுதுகொண்டே தகட்டு விஷயத்தைச் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏட்டி, தகடு என்ன செய்யும்? வலது காலு முடியலன்னு நாந்தான் கால மாத்திப் போட்டு உக்காந்தேன்."

என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில், எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தையைச் சொன்னேன்.

"அப்ப நீ வேலைய விட்டு நின்னுக்கோம்மா. ஒன் இடத்துல நான் உக்காருதேன்."

அம்மா என்னை அறைந்தாள். அதற்கு முன்பு அவள் என்னை அடித்ததில்லை. பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊர் வரும்வரை பருத்திக் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

காரணம் தெரிந்துவிட்டது. தீர்வும் தெரிந்துவிட்டது. உதவிக்கு நானும் தயாராக இருந்தேன். அப்படியும் மறுநாள் காலையில் அம்மா முட்டுக்கு அடியில் வைக்க ஒரு சாக்கை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினாள். தெருமுனையில் நின்று, நான் பள்ளிக்கூடப் பையை மாட்டிவிட்டேனா என்று திரும்பிப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நல்லது சொன்னதற்கு அடித்தவளோடு எனக்கென்ன பேச்சு.