காலிக் கட்டிலைப் புரட்டியவருக்குப் பதவி உயர்வு

அந்த முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவளுக்குப் 'பஞ்சுக்கை' என்று பெயர். வைத்தவர்கள் படுத்த படுக்கையாய்க் கிடந்த கிழங்கள். அவள் முதுகில் கை கொடுத்துப் புரட்டினால் தூக்கம்கூடக் கலையாதாம். ஒருவர் தன்னைப் புரட்டியதே தெரியாமல், அறையின் சுவர் இடம் மாறிவிட்டது என்று புகார் எழுதிக் கொடுத்தார்.

தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கிய செவிலிய உதவியாளர் அவள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மலம் அள்ளுவது, படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் புரட்டிப் போடுவது எல்லாம் அவள் தலையில். இந்தத் தொழிலில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. சம்பளம்தான் சேர்ந்த நாள் முதல் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. கேட்டபோதெல்லாம் மேலாளர் மகாபிரபு ஒரு புதுப் பட்டம் கொடுத்தார். முதலில் 'முதுநிலை உதவியாளர்', பிறகு 'பராமரிப்புத் தோழி', கடைசியில் 'புன்னகைத் தூதர்'. சட்டையில் குத்திக்கொள்ள இடமில்லாமல் போனதுதான் மிச்சம்.

அந்த வருடம் மெய்யாகவே ஒரு மேற்பார்வையாளர் வேலை காலியானது. ஒன்றரை மடங்கு சம்பளம். அது கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொரு வீட்டில் நோயாளி பார்க்கும் வேலையை விட்டுவிடலாம். அந்த ஒரு நாளாவது மகளோடு இருக்கலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

போட்டிக்கு ஒரே ஆள், எதிர் வார்டுப் பேனாக்காரர். நோயாளியைத் தொட்டதைவிட அவர் பேனாவைத் தொட்டதே அதிகம். கட்டிலில் தொங்கும் அட்டையில், ஒவ்வொரு முறை புரட்டியதற்கும் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். பஞ்சுக்கை புரட்டிய பிறகே போடுவாள்; ஆள் பற்றாமல் புரட்ட முடியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுவாள். பேனாக்காரர் காலையிலேயே சாயங்காலம் வரைக்கும் போட்டு முடித்துவிட்டு டீ குடிக்கப் போவார்.

மேலாளர் இருவரையும் கூப்பிட்டு, அட்டைகளை மேஜையில் பரப்பினார்.

"உன்னோடதுல எத்தன ஓட்ட பாரும்மா. அவரோடதுல ஒரு கட்டம் காலி இருக்கா?"

"சார், அவரோட ஒன்பதாம் நம்பர் கட்டில் அட்டையப் பாருங்க. அந்தப் பெரியவர் செவ்வாய்க்கெழமையே மகன் வீட்டுக்குப் போயிட்டாரு. இந்த அண்ணன் வெள்ளிக்கெழம வரைக்கும் அவரப் புரட்டியிருக்காரு."

பேனாக்காரர் அசரவில்லை. "மெத்தையப் புரட்டினேன். அது மட்டும் வேல இல்லியா?"

"என் ஆளுங்க ஒருத்தர் முதுகுலயும் புண்ணு இல்ல சார். வந்து பாருங்க."

"முதுக யாரும்மா பாக்கப் போறா? ஆய்வுக்கு வர்றவங்க அட்டையத்தான் பாப்பாங்க."

ஆக, மெத்தைக்குப் படுக்கைப்புண் வராமல் காத்த மகானுக்கே அந்த வேலை போய்ச் சேர்ந்தது.

பஞ்சுக்கை மாதக் கடைசியில் வேலையைவிட்டு நின்றுகொண்டாள். மேலாளர் விளம்பரம் போட்டார். அந்தச் சம்பளத்துக்கு ஈ கூட எட்டிப் பார்க்கவில்லை. மூன்று வாரத்தில் முதுகுகள் சிவந்தன, உறவினர்கள் கத்தினார்கள். வேறு வழியில்லாமல் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குப் போன் போட்டார். இரட்டிப்புக் கூலி கேட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றார்.

திங்கட்கிழமை காலை ஏஜென்சிச் சட்டையோடு வந்து நின்றவளைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"நீயா!"

"ஆமா சார். நீங்க அவங்களுக்குக் குடுக்கறதுல எனக்குப் பழைய சம்பளத்தப்போல ஒன்றரை மடங்கு வந்துடுது. ஞாயித்துக்கெழம மட்டும் கூப்பிடாதீங்க, வர மாட்டேன். வார்டு எந்தப் பக்கம்னு காட்டறீங்களா? நான் இங்க புது ஆளு."