கிணற்றுத் தண்ணீரில் ஊறிய துணி

எங்கள் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் கெட்டுப்போனதை முதலில் கண்டுகொண்டவள் பக்கத்து வீட்டுத் தையல்காரி. அவள் மகளின் வெள்ளைச் சீருடை துவைக்கத் துவைக்கப் பழுப்பேறியது. போச்சம்பள்ளித் தொழிற்பேட்டைக் கழிவுதான் காரணம் என்று மனு கொடுத்தோம், பதில் இல்லை.

"அக்கா, காயிதத்த யாரு படிக்கறாங்க? துணியவே காட்டலாம். ஊட்டுக்கு ஒரு வெள்ளத் துணிய அவங்கவங்க கெணத்துத் தண்ணில ஊறப் போடட்டும். நான் ஒண்ணாத் தெச்சுத் தர்றேன்" என்றாள்.

எனக்கு ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. என் கணவருக்கு அதே தொழிற்பேட்டையில்தான் காண்ட்ராக்ட் வேலை. அவரிடம் சொல்லாமல், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வாளியில் பழைய வேட்டித் துண்டை ஊறவைத்தேன். அது செங்கல் நிறமானது.

துணிகள் வந்து சேர்ந்தன. சிலது மஞ்சள், சிலது துரு. மேட்டுத் தெருத் துணிகள் மட்டும் வெள்ளையாகவே இருந்தன. அவற்றை விட்டுவிடலாம் என்றார்கள் சிலர். தையல்காரி ஒப்புக்கொள்ளவில்லை. "உள்ளதத்தான் காட்டணும்" என்று அவற்றையும் சேர்த்தே தைத்தாள்.

காலையில் சாலையோர மாந்தோப்பு வேலியில் எல்லோருமாக அதை இழுத்துக் கட்டினோம். கம்பெனி பஸ் வந்தது, வேகம் குறைந்தது. ஜன்னல்களில் செல்போன்கள் நீண்டன. ஒரு ஜன்னலில் என் கணவர். துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பஸ் போய்விட்டது.

சாயங்காலம் வந்தவர் கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தார்.

"மேனேஜர் கூப்ட்டாரு. போட்டோவக் காட்டி, இது உன் சம்சாரமான்னாரு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"ஆமான்னேன். மூஞ்சி பளிச்சுன்னு தெரியுது, வேற என்னா சொல்றது?"

சாப்பிட்டு முடித்தார். பிறகு கேட்டார், "அதுல நம்ம ஊட்டுத் துணி எது?"

"செவப்பா, ஓரத்துல இருந்துச்சே, அது."

குடிக்க எடுத்த சொம்பை அப்படியே கீழே வைத்தார்.

அதன்பின் அதிகாரிகள் வந்து கிணறுகளில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். முடிவு இன்னும் வரவில்லை. இப்போது குடிக்க மேட்டுத் தெருவிலிருந்து சுமக்கிறோம். அவருடைய காண்ட்ராக்டைப் புதுப்பிப்பார்களா என்றும் தெரியவில்லை. கேட்டால், "பாக்கலாம்" என்கிறார். மழைக்குப் பிறகு இன்னொரு முறை துணி ஊறவைக்கப் போகிறோம். அவர் போன் அடிக்கும்போதெல்லாம் அடுப்படியில் என் கை நின்றுவிடுகிறது.